குழாய் யார் தெரு வழியாகப் போகும்?

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, பூமிக்குள் புதைத்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் நிலையம் 4,760 மெகாவாட். அங்கே 2022இல் வந்த சோதனை ஆலையின் திறன் நாளொன்றுக்கு 20 டன். நிலையம் வெளிவிடுவதோ நாளொன்றுக்குப் பல பத்தாயிரம் டன்!

அதை விடுங்கள், என் கேள்வி வேறு. பிடித்த வாயு புதைக்கிற இடத்துக்குக் குழாயில்தானே போகும்? அந்தக் குழாய் யார் தெரு வழியாகப் போகும்?

அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்றொரு சிற்றூர். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வட்டாரம். 2020 பிப்ரவரியில் மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்களே நின்றுபோயின. தப்பி ஓடியவர்கள் நடுவழியில் சிக்கினார்கள். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அது அனல்மின் நிலைய வாயு அல்ல, எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனது. ஆனால் குழாயும் அழுத்தமும் அதே மாதிரிதான்.

நம்மிடம் ஊர் மேட்டில் இருக்கும், சேரி தாழ்வில் இருக்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூரில் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில்தான் கலந்தது. வலை வீசுகிறவர்கள்தான் இழந்தார்கள். சாம்பலாவது கண்ணுக்குத் தெரியும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: குழாய் போகும் வரைபடம் தமிழில் எங்கே? கசிந்தால் எங்கள் தெருவில் மணி அடிக்குமா? வண்டி ஓடாதபோது கிழவிகளையும் குழந்தைகளையும் யார் தூக்கிப் போவது?