பார்த்துக்கொள்பவரின் களைப்பு

படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பவருக்கு ஒருநாள் சின்னதுக்கெல்லாம் எரிச்சல் வரும். படுத்தாலும் தூக்கம் வராது. ‘இது என்றைக்கு முடியுமோ’ என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகவே அழுவார். பாசம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஆள் ஓய்ந்துபோய்விட்டார், அவ்வளவுதான்.

கேரளத்தில் இருந்தால் இதற்கு உதவி கேட்கலாம். பாலியேட்டிவ் சிகிச்சைக்கு, அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்புக்கு, 2008-லேயே கொள்கை வகுத்த மாநிலம் அது. மூணாறோ கொழிஞ்சாம்பாறையோ, பஞ்சாயத்தில் சொன்னால் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். அவரிடம் நோயாளியின் புண்ணோடு உங்கள் தூக்கமின்மையையும் சொல்லுங்கள். முழுநேரமும் கூடவே இருப்பவர்களுக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உண்டு. மருந்துச் செலவுக்கே காணாது, ஆனாலும் அங்கன்வாடியில் கேட்டுவையுங்கள். மனம் தாங்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாத்தனார் சொன்னால், ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.