மதிப்பெண்ணும் மருத்துவரும்

(கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இளநிலைப் பட்டப்படிப்பில் பெறும் மதிப்பெண், பின்னர் மருத்துவக் கல்லூரியில் பெறப்போகும் வெற்றியை முன்னரே உணர்த்துமா? இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் நாடு அமெரிக்கா. அங்கே மாணவர் பொதுவாக நான்காண்டுப் பட்டம் பெற்று, எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வும் எழுதிய பின்னரே மருத்துவம் பயில விண்ணப்பிக்கின்றனர்.

மதிப்பெண் பொருளற்றதன்று. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் எம்கேட் மதிப்பெண்ணையும் இணைத்து நோக்கும்போது, தனித்தனியே நோக்குவதினும் கணிப்புச் செம்மையாகிறது. உடற்கூற்றியல், உயிர்வேதியியல் முதலியவற்றை ஏட்டிற் பயிலும் முதலிரண்டு ஆண்டுகளில் இக்கணிப்பு நன்கு பலிக்கிறது. நோயாளியின் படுக்கையருகே பயிற்சி தொடங்கியதும் அதன் வலிமை குன்றுகிறது. எழுத்துத் தேர்வில் வென்ற திறன் அடுத்த எழுத்துத் தேர்விலும் துணைநிற்கும். நோயாளி கூறுவதைச் செவிமடுக்கும் பொறுமையை அத்தேர்வு அளப்பதில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. விதைநெல்லை உப்புநீரில் இட்டால் பதர் மிதக்கும், மணி தாழும். தாழ்ந்த மணிகளுள் எது மிகுதியாக விளையும் என்பதை அந்நீர் சொல்லாது. கல்லூரியில் இடம்பெற்றோர் பெரும்பாலும் உயர்ந்த மதிப்பெண் உடையோரே. ஆதலின் அவர்களுக்குள் காணும் சிறு வேறுபாடு பெரிதாக எதையும் உணர்த்துவதில்லை.

1979ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 150 மாணவரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன்பின், மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. தரவரிசையில் மிகவும் பின்தங்கி, முதலில் ஒதுக்கப்பட்டோரே அவ்விடங்களைப் பெற்றனர். 1987இல் வெளிவந்த ஆய்வு, படிப்பை இடையில் விடுவதிலோ, பாடத் தேர்ச்சியிலோ, மருத்துவமனைப் பயிற்சியிலோ இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. அவர்களை முன்பு பிரித்துவைத்தது பெரும்பாலும் மதிப்பெண் அன்று. நேர்காணல் நடத்தியோரின் மனப்பதிவே. மதிப்பெண்ணை விடுத்து முகத்தைக் கண்டே தகுதியை அறியலாம் என்போர்க்கும் இது நல்ல பாடம்.

அங்ஙனமாயின் எதனைக் கருதுவது? 2005இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று மருத்துவக் கல்லூரிகளில் பயின்று, பின்னாளில் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவரை, அவ்வாறு ஆளாகாத 469 பேருடன் ஒப்பிட்டது. மாணவப் பருவத்திலேயே தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை பதிவாகியிருந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 39, பின்னவருள் 19. கடமையிற் பொறுப்பின்மையும், குறையைச் சுட்டினால் திருத்திக்கொள்ள மனமின்மையும் அவற்றுள் மிகவும் வலிய அறிகுறிகள். குறைந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது சிறியதே.

பெற்றோர்கள் சிந்திக்க வேண்டுவது இதுவே. பிள்ளைகள் ஊன்றிப் படித்தல் வேண்டும். அடிப்படை வலுவின்றி மருத்துவம் கைவராது. ஆயினும் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்காக, ‘இனி உனக்கு எதிர்காலமில்லை’ என்று வீட்டில் ஒரு சொல் எழுதல் கூடாது. அச்சொல்லுக்கு எந்த ஆய்வும் சான்று கூறவில்லை. ஏற்ற வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்கின்றனரா, தவற்றைச் சுட்டினால் ஏற்கின்றனரா, பிறர் துன்பம் கண்டு இரங்குகின்றனரா என்பனவற்றையும் நாள்தோறும் கவனித்து வளர்த்தல் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத இப்பண்புகளைப் பயிற்றும் முதற் கல்லூரி இல்லமே.