போன வாரம் வந்திருக்கணும்

இன்னைக்கு ஒரு பொறாமைக் கதை. காரு, சம்பளம் பத்தி இல்ல. தோட்டம் பத்தி.

நான் இருக்கறது லண்டன்ல, ஹாரோ பக்கம். வாடகை வீடு. பின்னாடி பத்து எட்டு வச்சா முடிஞ்சுபோற ஒரு துண்டு நிலம். இந்த ஊர் மண் களிமண். மழைக்காலத்துல செருப்பை இழுத்துப் பிடிக்கும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். மிச்சம் மீதி முளைக்கறதை ராத்திரியில ஸ்லக், அதாவது ஓடில்லாத நத்தை, தின்னுட்டுப் போயிடும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கோடையில் சிலர் தங்கள் வீட்டுத் தோட்டத்தை ஒன்றிரண்டு நாள் ஊராருக்குத் திறந்து விடுவார்கள். தெருமுனையில் மஞ்சள் போஸ்டர் இருக்கும். நேஷனல் கார்டன் ஸ்கீம் என்று பெயர். வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களுக்காகப் பணம் திரட்ட 1927-இல் தொடங்கியது. தலைக்கு ஒரு ஷில்லிங். முதல் வருஷமே 609 தோட்டங்கள், 8,191 பவுண்ட் வசூல். இன்னைக்கும் அந்தப் பணம் நர்ஸிங், சுகாதார அறக்கட்டளைகளுக்குத்தான் போகுது. நல்ல காரியம். நான் போனது என்னவோ வயிறு எரியத்தான்.

அந்த வருஷம் அம்மா மதுரையிலேர்ந்து வந்திருந்தாங்க. ஆறு மாச விசா. வந்த மூணாம் நாளே வேலையை ஆரம்பிச்சாச்சு. பழைய பெயின்ட் வாளியில மிளகாய், ஐஸ்க்ரீம் டப்பாவுல வெந்தயக்கீரை, அரிசிப் பையில மண்ணை ரொப்பி அவரை. அவரைக்குப் பந்தல் எது தெரியுமா? என்னோட உடைஞ்ச குடைக்கம்பி.

ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்து ஒரு தோட்டத்துக்குப் போனோம். அம்மா டிக்கெட் விலையை ரூபாயில பெருக்கிப் பாத்துட்டு, "செடி பாக்கவா?"ன்னாங்க. உள்ள போனா பேச்சே வரல. வெள்ளை ஃபாக்ஸ்க்ளவ், சுவர் முழுக்க ரோஜா, கத்தியால வெட்டின மாதிரி புல்லோட ஓரம்.

வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தேன். வாளி, டப்பா, குடைக்கம்பி. "இதையெல்லாம் எடுத்துப் போட்டுடலாம்மா. குப்பைமேடு மாதிரி இருக்கு."

அம்மா ஒண்ணும் சொல்லல. காபி மட்டும் போட்டுத் தந்தாங்க.

மறுநாள் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா டப்பா ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஷெட்டுக்குப் பின்னாடி, வெயிலே படாத சந்துல வரிசையா நின்னுது. அவரையைக் கம்பியிலேர்ந்து பிரிச்சதுல ரெண்டு கொடி ஒடிஞ்சிருந்தது. அம்மா உள்ள டிவி பாத்துட்டு இருந்தாங்க, சத்தத்தைக் குறைச்சு வச்சு.

அப்பதான் அந்தத் தோட்டக்கார அம்மா ஞாபகம் வந்துச்சு. வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க சொன்னது ஒண்ணேதான்: "நீங்க போன வாரம் வந்திருக்கணும், மழை ரோஜாவைக் கெடுத்துடுச்சு." ஸ்லக் ஓட்டை போட்ட ஹோஸ்டா இலைக்கு எங்ககிட்ட மன்னிப்பு வேற கேட்டாங்க. இத்தனைக்கும் திறக்கிற தேதியைத் தோட்டக்காரர்களே, செடிகள் நன்றாக இருக்கும் வாரமாகப் பார்த்து மாதங்களுக்கு முன்பே கொடுக்கிறார்கள். அவங்க தோட்டத்தோட நல்ல நாள் ஒண்ணை எடுத்து, என் வீட்டு சாதாரணத் திங்கக்கிழமைக்குப் பக்கத்துல வச்சு அளந்திருக்கேன். அந்த அளவுல அம்மாவையும் அளந்துட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

நானே டப்பாக்களைத் தூக்கிட்டு வந்து பழைய இடத்துல வச்சேன். மன்னிப்பெல்லாம் கேக்கல, எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது. கொஞ்ச நேரத்துல அம்மா நூல்கண்டோட வந்து, ஒடியாத கொடியை மறுபடி குடைக்கம்பியில கட்டினாங்க.

செப்டம்பர் கடைசியில ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அவரை அக்டோபர்லதான் பூத்துச்சு, ஊதாப்பூ. குளிர் வந்துடுச்சு, காய் பிடிக்கவே இல்ல. வீடியோ கால்ல காட்டினேன். அம்மா பூவைப் பாக்கவே இல்ல.

"பின்னாடி அந்த மிளகாய் வாளி நிழல்ல நிக்குது பாரு. உள்ள எடுத்து ஜன்னல்கிட்ட வை" ன்னாங்க.