ஜெனீவாவில் காத்ததும் உள்நாட்டில் கைவிட்டதும்

(மைசூருவில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உலக வர்த்தக அமைப்பு என்றாலே அது அதிகாரிகளின் விவகாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். 1912 முதல் அரசுப் பட்டு நெசவாலை இயங்கிவரும் இந்நகரில் அவ்வாறு ஒதுங்க இயலாது. கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை குறைந்தால் ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் விலை சரிகிறது. ஆகவே, இந்தப் பேரங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தூதரின் பணியை இன்று பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன். அவர் தென்னாப்பிரிக்காவின் ஃபைசல் இஸ்மாயில்.

நிறவெறி எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்த அவர், 1994இல் அமைந்த ஜனநாயக அரசின் தலைமை வர்த்தகப் பேச்சாளரானார். அவருக்குக் கிடைத்த முதுசொம் சுமையானது. உருகுவே சுற்றுப் பேச்சுகளில் தென்னாப்பிரிக்கா ‘வளர்ந்த நாடு’ என்ற தகுதியில் கையொப்பமிட்டிருந்தது. மராகேஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1994 ஏப்ரல் 15. கறுப்பின மக்கள் முதன்முறையாக வாக்களித்த தேர்தல் அதே மாத இறுதியில். வாக்குரிமையே இல்லாதிருந்த மக்களின் தலையில் பணக்கார நாட்டுக்குரிய வரிவெட்டு ஏற்றப்பட்டது.

2002 முதல் ஜெனீவாவில் தம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்ற இஸ்மாயில், 2010 முதல் 2014 வரை தூதராக இருந்தார். தொழில் பொருட்களின் தீர்வை குறித்த பேரத்தில்தான் அவரது பங்கு மிகுதி. அங்கே முன்வைக்கப்பட்டது ‘சுவிஸ் சூத்திரம்’. 2008 வரைவில் வளர்ந்த நாடுகளுக்குக் குணகம் 8, வளரும் நாடுகளுக்கு 20 முதல் 25 வரை. கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். குணகம் 20 எனில் 30 சதவீத வரி 12 ஆகிறது. அதாவது 60 சதவீத வெட்டு. பணக்கார நாட்டின் 5 சதவீத வரியோ ஏறத்தாழ 3 ஆகிறது. வெட்டு 40 சதவீதத்துக்கும் குறைவு. தொழிலைக் கட்டியெழுப்ப வேண்டியவன் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஏற்கெனவே கட்டி முடித்தவன் குறைவாக விட்டுக்கொடுத்தால் போதும்! வளரும் நாடுகள் குறைவாகவே வெட்டினால் போதும் என்பது 2001 தோஹா பிரகடனத்திலேயே உள்ள வாக்குறுதி. 2005இல் இந்தியா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்த நாமா-11 அணியைத் தென்னாப்பிரிக்கா ஒருங்கிணைத்தது. இஸ்மாயில் அந்த அணியின் குரலாக நின்று, அந்த வாக்குறுதியையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்தார். 2008 ஜூலையில் பேச்சுகள் வேளாண் பாதுகாப்புப் பிரச்சினையில் முறிந்தன. அந்தச் சூத்திரம் நடைமுறைக்கு வரவேயில்லை.

இது ஒரு தனிமனிதரின் சாமர்த்தியம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் ஆடைத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் வேலை இழந்திருந்தனர். கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு மேலும் வரிவெட்டு கூடாதென்று அரசை நெருக்கியது. அந்த நெருக்குதல் இல்லையேல் தூதரின் வாதத்துக்கு எடை இருந்திராது. ஆனால் கசப்பான மறுபக்கமும் உண்டு. ஆடை, ஜவுளித் துறைகளில் ஒப்பந்தம் கோரியதைவிட வேகமாக வரியைக் குறைத்தது அவரது சொந்த அரசே.

நம் நிலை வேறா? 2011-12 நிதிநிலை அறிக்கையில் பிரணாப் முகர்ஜி கச்சாப் பட்டின் தீர்வையை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார். (பட்டு ஜெனீவாவில் வேளாண் பொருள், மேற்சொன்ன சூத்திரத்தில் அது வராது.) எந்த ஜெனீவா ஒப்பந்தமும் அந்த வெட்டைக் கோரவில்லை. சீனப் பட்டு மலிவாக வந்திறங்கியது. கூடுகளின் விலை வீழ்ந்தது. கர்நாடக விவசாயிகள் வீதிக்கு வந்தனர். 2013இல் தீர்வை 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பழைய 30 திரும்பவில்லை. மலிவு நூல் தங்களுக்கு நல்லதுதானே என்று காஞ்சிபுரத்து நெசவாளர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். கூடு வளர்ப்பவரையும் நெய்பவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவதே இந்தக் கொள்கையின் வேலை.

இனி விவாதம். ராமநகரம், கொள்ளேகால் பகுதித் தோழர்கள் இன்றைய கூடு விலையோடு தொடங்கட்டும்.