எட்டக்கூடிய இலக்கு, எண்ணக்கூடிய நாள்

(பாலக்காட்டில் உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழ்க்கையில் இலக்கை நிர்ணயிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்தத் தலைப்பில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்த இருவர் போதும்.

ஒருவர் திருநெல்லாயி கிராமத்தைச் சேர்ந்த டி.என். சேஷன். மற்றவர் கருகபுத்தூரில் 1932-ல் பிறந்த ஈ. ஸ்ரீதரன். இருவரும் இங்கே பி.ஈ.எம். உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு விக்டோரியா கல்லூரியிலும் ஒன்றாகப் படித்தவர்கள். காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இருவருக்குமே இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் போனார். சேஷன் போகவில்லை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் படித்தார், அங்கேயே சில காலம் பாடம் நடத்தினார், பிறகு ஐ.ஏ.எஸ். ஆனார்.

பெற்றோர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். நண்பனுக்குப் பொருந்திய பாதை நமக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. கையில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டவர் வீணாகிவிடவும் இல்லை. அடுத்தாத்துப் பையனுக்கு ஐ.ஐ.டி. கிடைத்தது என்பதற்காக நம் குழந்தைக்கும் அதையே இலக்காக வைத்தால், அது குழந்தையின் இலக்கு அல்ல, நம்முடைய இலக்கு. பிறர் சுமத்திய இலக்கு கொஞ்ச தூரம்தான் ஓடும்.

இரண்டாவது பாடம் பாம்பன் பாலம். 1964 டிசம்பரில் அடித்த புயலில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. 46 நாட்களில் பாலம் தயாராகிவிட்டது.

இதை வேகத்தின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். புதிய கர்டர்களை வெளியூர்களிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் ஆகும். மீனவர்களின் உதவியோடு, விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்ததால்தான் அந்தத் தேதி சாத்தியமாயிற்று. நாம் தேதியை மட்டும் குறிக்கிறோம், கையிருப்பைப் பார்ப்பதில்லை. ஆறு மாதத்தில் பத்து கிலோ குறைக்கிறேன், தினமும் சந்தியாவந்தனம் விடாமல் செய்கிறேன், பென்ஷனில் இவ்வளவு சேமிக்கிறேன் என்கிறோம். அதற்கு நாளில் எத்தனை நிமிஷம், மாதத்தில் எத்தனை ரூபாய் உண்மையிலேயே மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடுவதில்லை.

கொங்கண் ரயில்வே வேலை 1990-ல் தொடங்கியபோது, முடிய வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்களை அலுவலகங்களிலும் வேலையிடங்களிலும் ஸ்ரீதரன் வைத்தார். தினமும் ஒரு எண் குறைந்துகொண்டே வரும். அப்படியும் ஐந்து வருஷ இலக்கு தவறியது. மண் சரிந்த சுரங்கங்கள், கோவாவில் எதிர்ப்பு என்று பல தடைகள். 760 கிலோமீட்டர் பாதை முழுவதும் 1998 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஆனால் அதே மனிதர் தில்லி மெட்ரோவின் முதல் கட்டத்தைக் குறித்த காலத்துக்கு முன்பே, 2005-ல் முடித்துவிட்டார். தேதி தவறினால் தேதியைத் திருத்த வேண்டும். இலக்கைக் கைவிட வேண்டியதில்லை.

சேஷன் கதையிலும் இது உண்டு. 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையரானார். வாக்காளர் எல்லோருக்கும் புகைப்பட அடையாள அட்டை வேண்டும், 1995 ஜனவரிக்குப் பிறகு அட்டை இல்லாமல் தேர்தல் இல்லை என்றார். அந்தத் தேதிக்குள் வேலை முடியவில்லை. தேர்தல்களும் நடக்கத்தான் செய்தன. ஆனால் வேலை நிற்கவில்லை. இன்று அந்த அட்டை இல்லாத வீடு அபூர்வம்.

மூன்றாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. சேஷன் 1997-ல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார், கே.ஆர். நாராயணன் வென்றார். 1999-ல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்து நின்றார்; அங்கும் தோல்வி. ஸ்ரீதரன் 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே பாலக்காட்டில் நின்று, நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நான் அரசியல் பேசவில்லை. இருவரும் ஜெயித்தது, வேலை தங்கள் கையில் இருந்தபோது. தோற்றது, முடிவு பிறர் கையில் இருந்தபோது. திறமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே இலக்கை நம் கையில் இருப்பதாக எழுதிக்கொள்ள வேண்டும். "வேலை கிடைக்க வேண்டும்" என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. "மாதம் பத்து இடத்துக்கு விண்ணப்பிப்பேன்" என்பது என் கையில். "பையன் தினமும் போன் பண்ண வேண்டும்" என்பது அவன் கையில். "ஞாயிற்றுக்கிழமை காலை நான் கூப்பிடுவேன்" என்பது என் கையில்.

நான்காவது, ஓய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடுக்கி மலையில், தேனி எல்லையை ஒட்டிய முல்லைப் பெரியாறு அணையை பென்னிகுவிக் 1887 முதல் 1895 வரை கட்டினார். வெள்ளம் வந்து, கட்டியதை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மலைக்காய்ச்சல் மிகுந்த மாதங்களில் வேலையையே நிறுத்த வேண்டியிருந்தது. வருஷத்தின் எல்லா நாளும் வேலை நாள் என்று போட்ட திட்டம் அந்தக் காட்டில் நின்றிருக்காது. நம் வீட்டிலும் விசேஷம், பரீட்சை, உடம்பு முடியாத நாள் எல்லாம் வரும். அவற்றுக்கு இடம் விடாத திட்டம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் பல ஊர்களில் படிக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். மும்பையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நான் சந்திக்கும் பாலக்காட்டுக்காரர்கள் பலரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "ரிடையர் ஆனதும் ஊருக்கே வந்துடுவேன்." இந்த வாக்கியத்தில் தேதி இல்லை, கையிருப்புக் கணக்கும் இல்லை. பத்து வருஷம் கழித்தும் அதே வாக்கியம்தான் வருகிறது. அதற்குள் கிராமத்தில் பூட்டிய வீட்டின் ஓடு சரிகிறது, அப்பா அம்மா திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோராலும் அது முடியாது. இந்த வருஷம் பதினைந்து நாள் என்று எழுதுங்கள். கல்பாத்தி தேருக்கு ஒரு நாள் வந்து அன்றிரவே ரயில் ஏறாமல், பதினைந்து நாள் தங்குவதற்கு இன்றே டிக்கெட் எடுங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, இன்னும் எத்தனை நாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எண்ணும் வேலையை அவள் பார்த்துக்கொள்வாள்.