எறிய முன் சிட்டையைப் பாருங்கள்



2009 ஜனவரி 15இல் நியூயோர்க்கிலிருந்து கிளம்பிய விமானமொன்றின் இரு இயந்திரங்களிலும் பறவைகள் சிக்கின. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்க, 155 பேரும் தப்பினர். இயந்திரங்களில் எஞ்சிய துணுக்குகளின் டி.என்.ஏ.யை வாசித்து, கனடா வாத்து என்று இனங்கண்டது சிமித்சோனியன் நூதனசாலை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் உறுதியான பறவைகள் இருந்தால்தான் இது கைகூடும். அவை நூதனசாலை இழுப்பறைகளில் இருக்கின்றன. நூறாண்டுப் பழையதானாலும் கால்விரலடியில் சிறு துண்டு சீவினால் போதும். வைத்தியர்களாகிய நாங்கள் பயொப்சி எடுப்பதுபோலத்தான். ஆனால் பிடித்த இடமும் திகதியும் எழுதிய சிட்டை கழன்றுவிட்டால் பாதிப் பெறுமதி போய்விடும்.

நம் ஆய்வுகூட அலுமாரிப் பறவைகளை எறிந்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. முதலில் சிட்டைகளைப் பிரதியெடுப்போம். பிறகு கொழும்பு நூதனசாலையிடம் கேட்போம். வெறுங்கையால் மட்டும் தொடவேண்டாம். அக்காலத்தில் தோலுக்கு ஆசனிக்குப் பூசுவார்கள்.