வீடு எங்கட, காணி ஆரின்ர?



போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில மாமா ஒரு பிஸினஸ் யோசனை சொன்னார். "லண்டனில உங்கட வயசுக்காரர் வீடு வாங்கேலாது. வெளியில ஒரு காணி எடுப்பம். துண்டு துண்டாப் பிரிச்சு, சின்ன வீடு வைக்கிறவைக்கு வாடகைக்கு விடுவம். கூரை ஒழுகினா அது அவையின்ர பாடு. எங்களுக்கு மாதாமாதம் காசு." உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

இது புதுத் தொழில் இல்லை. இங்கிலாந்தில் ‘பார்க் ஹோம்’ இப்படித்தான் நடக்கிறது. வீடு வாங்கியவருடையது, அது நிற்கிற நிலம் இன்னொருவருடையது. அதற்கு ‘பிட்ச் ஃபீ’ கட்டவேண்டும். வீட்டை விற்றால், விலையில் 10 வீதம் வரை நில உரிமையாளருக்குக் கமிஷன். அவர் ஒரு ஆணிகூட அடித்திருக்கத் தேவையில்லை.

சட்டத்தில் இதன் பெயர் ‘நகரும் வீடு’. ஆனால் கட்டணம் ஏறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? குடியிருப்பவர்கள் வருடக்கணக்காகக் குரல் கொடுத்த பிறகுதான், 2023 இல், கட்டண உயர்வைச் சில்லறை விலைக் குறியீட்டோடு இணைப்பதை நிறுத்தி, வழக்கமாக அதைவிட மெதுவாக ஏறும் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்தார்கள்.

எங்கட ஆக்களுக்கு இந்தக் கதை தெரியாததா? மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு, வீடும் சொந்தமில்லை, காலடி மண்ணும் சொந்தமில்லை. ஒரு பத்தி இறக்கவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்கவேண்டும். காணி உறுதிக்காக இன்றும் போராடுகிறார்கள். அவர்களுக்காக லண்டனில் கூட்டம் போடுகிற நாங்கள், கையில் நாலு ஏக்கர் கிடைத்ததும் துரையாகிவிடுவோமா?

மாமா கெட்டவர் இல்லை. பெற்றோல் செட்டில் இருபது வருடம் இரவு வேலை செய்தவர். வயது போனபிறகு என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு எங்களிடம் பதில் இல்லாவிட்டால், வாடகைதான் பதிலாக வரும்.

வேறு வழியும் இருக்கு. மைல் எண்டில், பழைய செயின்ட் கிளெமென்ட்ஸ் ஆஸ்பத்திரி வளவில், லண்டன் சமூக நில அறக்கட்டளை 23 வீடுகளை அந்தப் பகுதி மக்களின் வருமானத்தை வைத்து விலை போட்டு விற்றது. திரும்ப விற்கும்போதும் அதே கணக்குத்தான், லாபம் பார்க்கேலாது. 23 வீடு லண்டனுக்குக் கடுகு. ஆனால் அதற்கே அந்த ஊர்ச்சனம் வருடக்கணக்காக நின்று போராட வேண்டியிருந்தது.

சீட்டுப் பிடித்து இங்கே கடையும் கோயிலும் எழுப்பின சமூகம் நாங்கள். அந்தக் காசால் ஒரு கூட்டுறவு வீடு எழுப்பேலாதா? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவம். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாறன்.